பழைய போரைக் காட்டும் படம் இன்றைய போரைப் பற்றியது என்று எப்போது சொல்லலாம்?

பாளையங்கோட்டை ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் கூடி, ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசி வருகிறோம். நான் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். மற்றவர்களில் பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள்.

சென்ற மாதம் ‘300’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். கி.மு. 480இல் தெர்மோப்பிலே கணவாயில் பாரசீகப் பெரும்படையை ஸ்பார்ட்டா வீரர்கள் மறித்து நின்ற கதை அது. படம் முடிந்ததும் ஒரு மாணவர், இது கிரேக்கப் போரைப் பற்றிய படமே அன்று, ஈராக் போரைப் பற்றியது என்றார். படம் 2007இல் வெளியானதையும், பாரசீகர்கள் அதில் காட்டப்பட்ட விதத்தையும், ஈரான் அரசு அதைக் கண்டித்ததையும் அவர் சான்றாக வைத்தார். உடனே ஒரு மாணவி எழுந்து, இந்தப் படம் ஃபிராங்க் மில்லர் 1998இல் வெளியிட்ட சித்திரக்கதையை ஏறக்குறையக் காட்சிக்குக் காட்சி பின்பற்றுகிறது என்றும், ஈராக் மீதான படையெடுப்பு நடந்ததோ 2003இல் என்றும், நடக்காத போரை மனத்தில் வைத்து ஒருவர் எப்படிக் கதை செய்திருக்க முடியும் என்றும் கேட்டார். நடுவராக இருந்த என்னால் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

என் கேள்வி இதுதான். ஒரு வரலாற்றுப் படம் தன் காலத்துப் போரையே உள்ளே வைத்துப் பேசுகிறது என்று சொல்வதற்கு எத்தகைய சான்று வேண்டும்? வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. “உண்மையில் இது இன்றைய போர்தான்” என்று சொல்லிவிட்டால், அன்று அந்தக் கணவாயில் செத்தவர்கள் வெறும் வேடம் கட்டிய ஆட்களாகிவிடுகிறார்கள். அடுத்த மாதத்துக்கு எந்தப் படத்தை எடுத்துக்கொண்டால் இந்த விவாதம் தெளிவடையும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

தாமிரபரணிக்கரை:

ஐயாவுக்கு வணக்கம். உங்கள் மாணவர்கள் இருவருமே சரியாகத்தான் பேசியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் இருவரும் பேசியது ஒரே பொருளைப் பற்றியன்று. நம் அகப்பாட்டு இலக்கணத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. ‘இதனோடு ஒத்துப் பொருள் முடியட்டும்’ என்று கருதிப் புலவனே பாட்டுக்குள் பொதிந்து வைப்பதைத் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது. அப்படி உறுப்புக்கு உறுப்பு ஒப்புமை இல்லாமல், சொன்ன பொருளுக்குப் புறத்தே, கேட்பவன் மனத்தில் தோன்றும் குறிப்பு இறைச்சி எனப்படுகிறது. போர்ப் படங்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். முதல் மாணவர் கண்டது இறைச்சி. இரண்டாம் மாணவி கேட்டது உள்ளுறைக்கான சான்று.

உள்ளுறை என்று ஐயமில்லாமல் சொல்லத்தக்க படம் ஒன்றைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1938இல் எடுத்த ‘அலெக்சாந்தர் நெவ்ஸ்கி’ அத்தகையது. 1242இல் பெய்ப்பஸ் ஏரியின் பனிப்பரப்பில் நவ்கரோது இளவரசர் அலெக்சாந்தர் ஜெர்மானிய வீரத்துறவிகளின் (துறவு ஏற்ற கிறிஸ்தவப் போர்வீரர்களின்) படையைத் தோற்கடித்த கதை அது. ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கிய ஆண்டில் அந்தப் படம் வந்தது. ஆனால் ஆண்டு மட்டும் சான்றாகாது. படத்துக்குள் இருப்பவையே சான்று. ஜெர்மானியக் காலாட்படையின் தலைக்கவசங்கள் முதல் உலகப் போரின் ஜெர்மானியத் தலைக்கவசத்தை நினைவூட்டும்படி செய்யப்பட்டிருக்கின்றன. அவர்களுடைய ஆயரின் தொப்பியில் ஸ்வஸ்திகா வடிவங்கள் இருக்கின்றன. ஜெர்மானிய வீரர்களின் முகங்கள் இரும்புக்குள் மறைந்து கண்ணிருக்கும் இடத்தில் ஒரு கீறல் மட்டுமே தெரிய, ரஷ்யர்களின் முகங்கள் திறந்தே இருக்கின்றன. தொடக்கத்தில் மங்கோலியத் தூதர்கள் வந்துபோகும் காட்சியில், அவர்கள் காத்திருக்கட்டும், அதைவிடக் கொடிய பகைவன் மேற்கே இருக்கிறான் என்று இளவரசர் முடிவு செய்கிறார். 13ஆம் நூற்றாண்டின் கதைக்கு இவற்றில் பல தேவையில்லை, 1938க்குத்தான் தேவை.

விடப்பட்டதையும் பார்க்க வேண்டும். அலெக்சாந்தர் நெவ்ஸ்கியை ரஷ்யத் திருச்சபை புனிதராக வணங்குகிறது. படத்தில் அந்தப் புனிதத்துக்கு இடமேயில்லை. உள்ளுறைக்குத் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களே களமாகும் என்று தொல்காப்பியம் விதித்திருப்பது இங்கே என் நினைவுக்கு வந்தது. காரணம் வேறுதான், ஆனாலும் அந்த ஒற்றுமையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பனி உடைந்து வீரர்கள் மூழ்கும் புகழ்பெற்ற காட்சியோ சேர்க்கப்பட்டது. லிவோனியச் செய்யுள் வரலாறு என்ற ஜெர்மானியப் பழம்பதிவு அந்தச் சண்டையில் இருபது வீரத்துறவிகள் இறந்தார்கள், ஆறு பேர் பிடிபட்டார்கள் என்கிறது. செத்தவர்கள் புல்லில் விழுந்ததாகவும் சொல்கிறது. நவ்கரோது பதிவோ 400 பேர் இறந்ததாகவும் 50 பேர் பிடிபட்டதாகவும் சொல்கிறது. இன்று உலகம் அந்தப் போரை நினைக்கும்போது கண்முன் வருவதோ உடைந்த பனிதான். உங்கள் இரண்டாம் வருத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இந்தப் படத்துக்குப் பின்னர் நேர்ந்ததும் விவாதத்துக்கு உரியது. 1939 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசு ஹிட்லருடன் உடன்படிக்கை செய்துகொண்டதும் படம் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. அதே ஐசன்ஸ்டைன் 1940இல் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் ஜெர்மானியரான வாக்னரின் இசைநாடகம் ஒன்றை இயக்கினார். 1941 ஜூனில் ஜெர்மனி படையெடுத்ததும் படம் மீண்டும் திரைக்கு வந்தது. 1942இல் அலெக்சாந்தர் நெவ்ஸ்கியின் பெயரிலேயே ஒரு படைத்துறை விருதும் ஏற்படுத்தப்பட்டது. மூன்று ஆண்டுகளில் அரசு மூன்று நிலை எடுத்தது. பொருள் எதுவென்று ஐயமிருந்திருந்தால் அதை மறைத்து வைக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

எனவே நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது: பழைய போருக்குத் தேவையில்லாத எது சேர்க்கப்பட்டிருக்கிறது, பழைய போரில் இருந்த எது விடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. லாரன்ஸ் ஒலிவியே 1944இல் எடுத்த ‘ஐந்தாம் ஹென்றி’யை இப்படிச் சோதிக்கலாம். 1415இல் அஜின்கோர்ட்டில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்ற கதை அது. பிரிட்டனின் கமாண்டோ வீரர்களுக்கும் வான்படை வழி இறங்கும் வீரர்களுக்கும் படத்தின் தொடக்கத்திலேயே காணிக்கை எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே நோக்கத்தைப் பற்றி வாதமில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஹென்றி பிடிபட்ட எதிரிகளைக் கொல்ல ஆணையிடுகிறான். சரணடையாவிட்டால் ஊரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்ன நேரும் என்று கோட்டை வாயிலில் நின்று மிரட்டுகிறான். தன் பழைய தோழன் ஒருவன் தூக்கிலிடப்படுவதற்கு இசைகிறான். புறப்படும் முன் மூன்று துரோகிகளைக் கண்டு தண்டிக்கிறான். இவை அனைத்தும் ஒலிவியேயின் படத்தில் இல்லை. 1989இல் கென்னத் பிரானா அதே நாடகத்தைச் சேறும் குருதியுமாக எடுத்தபோது அந்தத் துரோகிகளும் தூக்கும் திரும்பி வந்தன. ஒரே நாடகம், ஒரே போர். எதை விடுவது என்ற முடிவு மட்டும் மாறியது.

ஒலிவியே படத்தில் ஒரு சிக்கல் உண்டு. கதையில் பகைவர் பிரெஞ்சுக்காரர். 1944இல் அவர்கள் நட்பு நாட்டினர், விடுவிக்கப்பட வேண்டியவர்கள். அதனால் பிரெஞ்சு அரசவையைக் கொடியதாகக் காட்ட முடியாமல், தளர்ந்துபோன ஒரு மன்னனும் வீண்பெருமை பேசும் பிரபுக்களும் உள்ள இடமாகக் காட்டியிருக்கிறார்கள். ஒப்புமை ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது, மறுபக்கம் காற்றில் தொங்குகிறது. வரலாறு தன் முழு உருவோடு இன்றைய தேவைக்குள் அடங்க மறுக்கும் இடம் இது என்பதால், உங்கள் கூட்டத்தில் இதைக் காட்டிப் பேசலாம்.

‘300’ பற்றி ஒரு செய்தி மட்டும் சொல்லி முடிக்கிறேன். படம் வெளிவரும் முன் செய்தியாளர் சந்திப்பொன்றில், அமெரிக்க அதிபர் புஷ் இப்படத்தில் ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடாஸா அல்லது பாரசீக மன்னன் செர்க்செஸா என்று ஒருவர் இயக்குநரைக் கேட்டார். சிறுபடையோடு நாட்டைக் காப்பவனா, பெரும்படையோடு பிறர் நாட்டில் நுழைபவனா என்பதே அதன் பொருள். இப்படி இரு பக்கமும் இடம் கொடுக்கும் கேள்வி நெவ்ஸ்கி படத்தைப் பற்றி எழவே முடியாது.

குறுக்குத்துறை மாணவி:

ஐயா, மேலே எழுதியவர் உள்ளுறையை உயர்த்தியும் இறைச்சியை அதற்கு அடுத்த நிலையிலும் வைத்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

நம் மாவட்டத்தில் உள்ள ஈழ ஏதிலியர் முகாம் ஒன்றில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய்வந்தேன். ஒருநாள் அங்கே ஒரு வீட்டில் செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. நாடிழந்து, மறைவான தீவொன்றில் தலைமுறை தலைமுறையாகத் தாய்நாட்டிலிருந்து ஒரு தூதுவன் வருவான் என்று காத்திருக்கும் சோழர் கூட்டத்தை, கடைசியில் இன்றைய துப்பாக்கிகளோடு ஒரு படை வந்து அழிக்கும் கதை. அந்தக் கடைசிப் பகுதி வந்தபோது, அதுவரை பேசிக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பெரியம்மா எழுந்து வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். படம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படம் 2010 பொங்கலுக்கு வெளியானது. முள்ளிவாய்க்கால் 2009 மே. படப்பிடிப்புத் தொடங்கியதோ 2007இல். உங்கள் மாணவியின் கணக்குப்படி பார்த்தால், தொடங்கியபோது அந்த முடிவு நடக்கவில்லை. எனவே அதைப் பற்றியதாக அந்தப் படம் இருக்க முடியாது. ஆனால் வெளியான நாளிலிருந்து இன்றுவரை எத்தனையோ பேர் அதை அப்படித்தான் பார்த்து வருகிறார்கள், எழுதியும் வருகிறார்கள். அவர்கள் எல்லாரும் பிழையாகப் பார்க்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2007இலும் அங்கே போர் நடந்துகொண்டுதான் இருந்தது. மேலும், உயிரோடிருப்பவர்கள் தங்கள் சாவை எங்கே அடையாளம் காண்கிறார்கள் என்பதற்கு இயக்குநரின் அனுமதி தேவையில்லை.

மேலே எழுதியவரின் அளவுகோல் படத்தை எடுத்தவர் மனத்தை அறிய உதவும். பார்ப்பவர் மனத்தை அறிய அது போதாது. ‘300’ஐப் பற்றி ஈரானில் எழுந்த கோபத்தையும் இப்படியே பார்க்கிறேன். சித்திரக்கதை 1998இல் வந்தது என்று அவர்களிடம் சொன்னால் அந்தக் கோபம் தணியுமா? பக்கத்து நாட்டில் அமெரிக்கப் படைகள் நின்றுகொண்டிருந்த ஆண்டில் அல்லவா அவர்கள் தங்கள் முன்னோரை அந்த உருவில் திரையில் பார்த்தார்கள்?

மேலப்பாளையம் வாசகர்:

தங்கை சொன்னது என்னைத் தொட்டது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க உதவும் என்பதால் சிலுவைப் போர்க் காலத்து முஸ்லிம் மன்னர் சலாகுதீனைப் பற்றிய இரண்டு படங்களைச் சொல்கிறேன்.

எகிப்திய இயக்குநர் யூசுஃப் ஷாஹீன் 1963இல் எடுத்த படத்தில் சலாகுதீன் அரபு மக்களை ஒன்றுசேர்க்கும் தலைவர். படத்தின் அரபுப் பெயரிலேயே ‘நாசிர்’ என்ற சொல் வருகிறது. அன்றைய எகிப்திய அதிபர் நாசரை எண்ணாமல் யாரும் அதைப் படித்திருக்க முடியாது. 1956இல் சூயஸ் கால்வாய்க்காகப் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தைத் தாக்கியது அப்போது பசுமையான நினைவு. ஆனால் சலாகுதீன் பிறப்பால் குர்து இனத்தவர் என்பதற்கு அந்தப் படத்தில் இடமில்லை. எகிப்தும் சிரியாவும் சேர்ந்திருந்த ஐக்கிய அரபுக் குடியரசிலிருந்து 1961இலேயே சிரியா பிரிந்துவிட்டது. ஒற்றுமையைப் பாடிய படம் வந்தபோது அந்த ஒற்றுமை உடைந்து கிடந்தது.

மற்றொன்று ரிட்லி ஸ்காட் 2005இல் எடுத்த ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’. 2001 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் தம் போரைச் சிலுவைப் போர் என்ற சொல்லால் குறித்த பிறகு வந்த படம். இதில் 1187இல் ஜெருசலேமைக் கைப்பற்றும் சலாகுதீன் எல்லாரையும் பாதுகாப்பாகப் போக விடுகிறார். முஸ்லிமான எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். ஆனால் பதிவுகள் சொல்வது, ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 தினார் என்று மீட்புப் பணம் கேட்கப்பட்டது, அவர் பலரைப் பணமின்றியும் விடுவித்தார், அப்படியும் பணம் கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர் என்பதே. 1099இல் சிலுவைப் படை அந்த நகரில் செய்த படுகொலையோடு ஒப்பிட்டால் அவர் எவ்வளவோ கருணையாளர். அந்த உண்மை போதும். தினார்க் கணக்கை மறைக்க வேண்டியதில்லை. நல்ல நோக்கத்துக்காக விடப்பட்டதையும் ஐயா மாணவர்களிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒட்டப்பிடாரத்தார்:

அண்ணாச்சிக்கு வணக்கம். இவ்வளவு தூரம் போய்விட்டு வந்தீர்கள். உங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறது. 1959இல் பி. ஆர். பந்துலு இயக்கிச் சிவாஜி கணேசன் நடித்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தை ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்பதே எனக்கு வியப்பு.

விடுதலை கிடைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எடுத்த படம் அது. 1799இல் நடந்த சண்டை அதில் 1947இல் முடிந்த போராட்டத்தின் முதல் அதிகாரமாகிறது. கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் எதிரெதிரே நிற்கும் காட்சியின் வசனம் தெரியாத தமிழர் குறைவு. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் அந்தச் சந்திப்பு நடந்தது உண்மை. கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் செத்ததும், கட்டபொம்மனின் அதிகாரி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டதும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு கம்பெனி அரசே ஒரு விசாரணைக் குழுவை அமைத்து, ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கி, லஷிங்டனைக் கலெக்டராக அனுப்பியது என்பது எத்தனை பேர் நினைவில் இருக்கிறது? பகைவனின் வீட்டுக்குள் நடந்த அந்த வழக்குக்கு நம் நினைவில் இடம் கிடைக்கவில்லை.

என் தாயார் எட்டயபுரத்துப் பக்கம் பிறந்தவர். சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று பலமுறை வருந்தியிருக்கிறார். எட்டயபுரம் பாளையம் கம்பெனி பக்கம் நின்றது உண்மைதான். ஆனால் அவர்களுக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைப் பகை நெடுங்காலமாக இருந்தது. கம்பெனியை அவர்கள் அந்தப் பகையின் கண்ணால்தான் பார்த்தார்கள். பாளையங்களின் சண்டையை நாட்டு விடுதலைப் போராகப் படித்தால் ஒரு பக்கம் துரோகியாகவே மிஞ்சும். தப்பிய கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிட்டபோது, பார்க்கட்டும் என்று மற்ற பாளையக்காரர்களையும் கம்பெனிப் படைத்தலைவர் பானர்மன் வரவழைத்திருந்தார். அன்று அங்கே நின்றவர்கள் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று கேட்பதற்கு எந்த உருவகமும் இடம் தருவதில்லை.

1801இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்த கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் எழுப்பியதும், மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலேயின் தாக்குதல் தோற்றதும், மே மாதத்தில்தான் கோட்டை விழுந்ததும் போர் முறையில் இன்னும் வியப்பானவை. பின்னாளில் பல நாடுகளில் பேரரசுப் படைகளைத் திணறவைத்த சண்டையின் சாயல் அதில் இருக்கிறது. இதை வில்லிசையும் கதைப்பாடல்களும் விரிவாகப் பாடுகின்றன. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை அந்தப் பாடல்களைத் தேடிப் பதிப்பித்து வைத்திருக்கிறார். கதைப்பாடலுக்கு ஒரு நன்மை உண்டு, அண்ணாச்சி. இன்றைய போருக்கு ஆள் சேர்க்க வேண்டிய அவசரம் அதற்கு இல்லாததால், யார் யாருக்கு உறவு, யார் யாரிடம் எதற்காகக் கோபித்தார்கள் என்பதையெல்லாம் அது விடாமல் வைத்திருக்கிறது.

பாளையங்கோட்டை ஆசிரியர்:

நால்வருக்கும் நன்றி. அடுத்த சனிக்கிழமைக்கு நெவ்ஸ்கியையும் அதற்கடுத்த மாதத்துக்குக் கட்டபொம்மனையும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கூட்டத்தில் படத்தைப் போடும் முன்பே இருபது பேர், 400 பேர் என்ற இரண்டு கணக்கையும் பலகையில் எழுதி வைத்துவிட்டுப் பனி உடையும் காட்சியைக் காட்டலாம் என்று நினைக்கிறேன். இரண்டாம் கூட்டத்துக்கு வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலிலிருந்து சில பக்கங்களைப் படி எடுத்துக் கொடுக்கிறேன்.

ஒட்டப்பிடாரத்தார் தம் தாயார் சொன்னதை அந்தக் கூட்டத்தில் நேரில் வந்து சொல்ல முடியுமா? இந்த வட்டாரத்தில் நான் இத்தனை ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்தினேன். எட்டயபுரத்திலிருந்து வந்த பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தை நான் அன்று பார்க்கவில்லை.

குறுக்குத்துறை மாணவிக்கு: நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அந்தப் பெரியம்மாவை அழைத்துவர வேண்டாம்; அவரைச் சான்றாக நிறுத்துவது சரியன்று. நீங்கள் மட்டும் வந்து உள்ளுறைக்காரரோடு வாதிடுங்கள். மாலை 5 மணிக்குத் தொடங்குகிறோம். படத்தை முதலில் முழுவதும் பார்ப்போம், பேச்சு அதற்குப் பிறகுதான்.